எட்டாம் மாதப் பிள்ளையும் ஜோசியன் குறித்த வேளையும்

நமது சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் பிள்ளைப்பேற்றைப் பற்றி வழங்கிவரும் நம்பிக்கைகள் பலவற்றுள், ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளை பிழைத்துக் கொள்ளும் என்றும், எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளை எப்படியும் தங்காது என்றும் சொல்லி வருவது ஒன்றாகும். இதைச் சொல்லுகிறவர்கள் எழுத்து வாசனை அற்ற கிழவிகள் மாத்திரமல்ல. பட்டம் பெற்றவர்களும், மோட்டார் வைத்திருப்பவர்களும், கையில் செல்போனை வைத்துக்கொண்டு உலகச் சங்கதிகளை எல்லாம் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடுகிறவர்களுங்கூட, தங்கள் வீட்டில் குறைமாதப் பிரசவம் என்று வந்துவிட்டால், டாக்டரைக் கேட்பதற்கு முன்பு விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஏழா, எட்டா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தறிக்காரர் குடும்பத்தில் இந்தச் சம்பாஷணையை நாமே நேரில் கேட்க நேர்ந்தது. மருமகளுக்கு நாளாவதற்கு முன்பே வலி கண்டு, ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,600 கிராம். சில வாரங்களாவது அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மாள் சொன்னார். அதற்குக் குழந்தையின் ஆயா, "எட்டு மாசத்துப் புள்ளைங்கம்மா, தங்காதுங்க. ஏழுல பொறந்திருந்தாக்கூடப் பாத்திருக்கலாமுங்க. ஊட்டுக்கே கொண்டுக்கிட்டுப் போயிடறோமுங்க" என்றார். "ஏழு மாசத்துப் பிள்ளை பொழைக்கும்னா, அதைவிட ஒரு மாசம் கூடுதலா வயித்துல இருந்த பிள்ளை ஏன் ஆயா பொழைக்காது?" என்று டாக்டரம்மாள் கேட்டதற்கு, "அது என்னமோங்க, பெரியவங்க சொல்லி வெச்சிருக்கறாங்க" என்பதுதான் பதிலாக வந்தது. பெற்றவள் மாத்திரம், "நான் புள்ளைய உட்டுட்டு வரமாட்டேன்" என்று பிடிவாதமாய் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை பிழைத்தது. இப்போது பள்ளிக்கூடம் போகின்றது.

அந்த ஆயாவின் மேல் நமக்குக் கோபமில்லை. தன் பேத்தி சாகவேண்டும் என்று அவர் நினைக்கவுமில்லை. டாக்டரம்மாள் கேட்ட அந்தக் கேள்வியை அவருடைய ஆயுளில் அதுவரை ஒருவரும் அவரிடம் கேட்காமல் போனார்களே என்பதுதான் நமது வருத்தம். ஆதலால் அந்தக் கேள்வியை இங்கு கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

பொய்யின் பூர்வோத்தரம்

இந்த எட்டாம் மாதக் கதையை ஏதோ நமது முன்னோர்கள் ஞானதிருஷ்டியால் கண்டு சொன்னதாகப் பலர் பெருமை பேசுவதுண்டு. அப்படிப்பட்ட பெருமைக்கும் இதில் இடமில்லை. சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே கிரேக்க தேசத்தில் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் வைத்திய நூல்களில், எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றியே தனியாக ஒரு நூல் இருக்கின்றது. ஏழில் பிறந்தது பிழைக்கும், எட்டில் பிறந்தது பிழைக்காது என்பதே அதன் கொள்கையும். யூதர்களின் சாஸ்திரமோ, எட்டாம் மாதப் பிள்ளை கல்லுக்குச் சமானம், ஓய்வு நாளில் அதைத் தூக்கக்கூடாது என்று எழுதி வைத்தது. ஆகவே மூடநம்பிக்கை என்பது ஒரு தேசத்துக்கோ ஒரு மதத்துக்கோ மாத்திரம் உரிய சொத்தல்ல என்பது விளங்கும்.

ஆனால் அதே கிரேக்க தேசத்தில் அரிஸ்டாட்டில் என்பவர் ஒரு சங்கதியைக் கவனித்து எழுதியிருக்கிறார். எகிப்து தேசத்தில் எட்டாம் மாதப் பிள்ளைகள் பிழைக்கின்றன என்றும், தமது நாட்டில் அப்படிப்பட்ட பிள்ளை பிழைத்துவிட்டால் அதை எட்டாம் மாதப் பிள்ளை என்று ஒப்புக்கொள்ளாமல், தாய்தான் மாதக் கணக்கைத் தவறவிட்டுவிட்டாள் என்று சொல்லிவிடுகிறார்கள் என்றும் அவர் சொல்லுகிறார். பார்த்தீர்களா, சூட்சுமம் எங்கே இருக்கிறது என்று? செத்தால் எட்டு, பிழைத்தால் ஒன்பது. இந்தக் கணக்கில் எந்தக் காலத்திலாவது எட்டாம் மாதப் பிள்ளை பிழைக்க முடியுமா என்று கேட்கின்றோம். நமது ஊர்க் கிழவிகள் செய்வதும் இதே கணக்குத்தான். ஜோசியன் பலன் சொல்லுவதும் இதே கணக்குத்தான். பலித்ததை ஊரெல்லாம் சொல்லுவது, பலிக்காததை "நேரம் சரியாகக் குறிக்கவில்லை" என்று மறைப்பது.

உண்மை என்னவென்றால், குழந்தை வயிற்றில் தங்கும் ஒவ்வொரு வாரமும் அதற்கு லாபமேயாகும். இருபத்தெட்டு வாரத்துக் குழந்தையைவிட முப்பது வாரத்துக் குழந்தைக்கும், முப்பதைவிட முப்பத்திரண்டுக்கும், அதைவிட முப்பத்துநான்குக்கும் பிழைக்கும் வழி அதிகம். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எட்டு என்று ஒரு பள்ளம் இயற்கையில் எங்குமே இல்லை. அந்தப் பள்ளத்தை வெட்டியது மனிதனுடைய வாய். அதில் விழுவது பச்சைக் குழந்தை.

குறைமாதமும் நிறைமாதமும்

நிற்க, குறைமாதத்திற்கும் நிறைமாதத்திற்கும் உள்ள வித்தியாசந்தான் என்ன என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியமாகும். கடைசியாக வீட்டு விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணினால் பிரசவத்திற்கு 280 நாள், அதாவது 40 வாரம். பத்து மாதம் சுமந்தாள் என்று நம்மவர்கள் சொல்லுவது 28 நாள் கொண்ட மாதக் கணக்குக்குச் சரியாகவே இருக்கின்றது. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பதைக் குறைமாதம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்திருக்கின்றது. 28 வாரத்திற்கு முன் பிறப்பது மிக மிகக் குறைமாதம். 28-க்கு மேல் 32-க்குள் பிறப்பது மிகக் குறைமாதம். உலகத்தில் 2020-ஆம் வருஷத்தில் மாத்திரம் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிக் குறைமாதத்தில் பிறந்தன. அதாவது பத்தில் ஒன்று. அவைகளில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் பிறந்தவை. எண்ணிக்கையில் நமது நாடே உலகத்தில் முதலாவதாக நின்றது. இவ்வளவு பேர் வீட்டில் நடக்கும் ஒரு சங்கதியைப் பூர்வஜென்ம பாவம் என்று சொல்லுவதானால், 30 லட்சம் தாய்மார்கள் ஒரே வருஷத்தில் பாவிகளாகிவிட்டார்கள் என்றுதானே ஆகும்?

குழந்தைக்கு நேரும் வித்தியாசம் உடம்புக்குள் இருக்கின்றது. நுரையீரல் காற்றை வாங்கி விரிந்து நிற்பதற்கு அதன் உட்புறத்தில் ஒருவித வழுவழுப்பான பொருள் ஊற வேண்டும். அது போதுமான அளவு ஊறுவது ஏறக்குறைய 34, 35 வாரத்தில்தான். தோலுக்கடியில் கொழுப்பு சேருவது கடைசி மாதங்களில். ஆதலால் குறைமாதக் குழந்தைக்கு உடம்புச் சூடு நிற்காது. பாலை உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் புரையேறாமல் ஒன்றாகச் செய்யும் சாமர்த்தியமும் ஏறக்குறைய 34 வாரத்தில்தான் வருகின்றது. 35 வாரத்தில் மூளையின் எடை நிறைமாதத்து மூளையில் மூன்றில் இரண்டு பங்குதான். நிறைமாதத்துப் பிள்ளை பிறந்து ஒரு மணி நேரத்திற்குள் தானே முட்டி முட்டி முலையைத் தேடும். குறைமாதப் பிள்ளைக்குப் பாலைப் பீச்சி எடுத்து, குழாயின் மூலமாகவோ பாலாடையினாலோ ஊட்ட வேண்டியிருக்கும்.

தாய்க்கு நேரும் வித்தியாசமும் குறைந்ததல்ல. குழந்தை சிறிதாயிருப்பதால் வலி சிறிதாயிருக்கும் என்று ஆண்பிள்ளைகள் சிலர் எண்ணுகிறார்கள். அது தப்பு. வலி வலிதான். இன்னும் சொல்லப்போனால், நிறைமாதத்தில் பெரும்பாலும் தலை கீழாகத் திரும்பி நிற்கும் குழந்தை, குறைமாதத்தில் திரும்பாமல் கால் முன்னாக நிற்பதும் அதிகம். நாளாவதற்கு முன்பே தண்ணீர்க்குடம் உடைவது, இரத்தம் படுவது, அடிவயிறு அடிக்கடி கல்போல் இறுகுவது, இடுப்பு விட்டு விட்டு வலிப்பது ஆகிய இவைகளே அறிகுறிகள். இவைகளைச் "சூட்டு வலி" என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பதில் போகும் மணி நேரங்களே பின்னால் உயிருக்கு விலையாக முடிகின்றன.

பிரசவமான பிறகோ, நிறைமாதத்துத் தாய்க்குப் பக்கத்திலே பிள்ளை இருக்கும். குறைமாதத்துத் தாய் ஒரு வார்டிலும் பிள்ளை மற்றொரு வார்டிலும் இருக்க, பக்கத்துக் கட்டிலில் பிள்ளை அழும் சப்தத்தைக் கேட்டுக்கொண்டு வெறுங்கையோடு படுத்திருப்பாள். அந்தச் சமயத்தில் அவளிடம் வந்து, "கிரகணத்தன்று வெளியே வந்தாயா? எந்தக் கோவிலுக்கு நேர்ந்ததை விட்டாய்?" என்று விசாரணை செய்கிறவர்களைவிடக் கல்நெஞ்சர்கள் வேறு யார்?

நாமக்கல் பண்ணைக்காரருக்கு ஒரு கேள்வி

நாமக்கல் என்றால் முட்டை என்று இந்தியா முழுவதும் தெரியும். அந்தக் கோழிப்பண்ணைகளுக்குக் குஞ்சு பொரித்துக் கொடுக்கும் பொரிப்பகத்துக்குச் சென்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கும். முட்டையை ஒரு பெட்டியில் 18 நாளும், பிறகு வேறொரு பெட்டியில் 3 நாளும், ஆக 21 நாள், சுமார் 100 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் வைத்திருக்கிறார்கள். ஈரப்பதம் குறைந்தால் கவனிக்கிறார்கள். முட்டையை அடிக்கடி திருப்பி வைக்கிறார்கள். 21-ஆம் நாள் அஷ்டமியாயிருந்தாலும் சரி, ராகு காலமாயிருந்தாலும் சரி, குஞ்சு தானாக வெளியே வரும். இன்றைக்கு நட்சத்திரம் நன்றாக இருக்கின்றது என்பதற்காகப் பதினெட்டாம் நாளே ஓட்டை உடைத்துக் குஞ்சை எடுக்கும் பொரிப்பகக்காரர் யாராவது உண்டா? எடுத்தால் அவர் அந்தத் தொழிலில் ஒரு மாதம் நிற்பாரா?

இந்தக் கோழிக்குஞ்சுப் பெட்டிக்கும் மனிதக் குஞ்சுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பாரிஸ் நகரத்தில் தார்னியே என்னும் பிரசவ டாக்டர், அங்குள்ள மிருகக்காட்சித் தோட்டத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து, இதைப்போல் குறைமாதக் குழந்தைக்கு ஏன் செய்யக் கூடாது என்று யோசித்து, 1880-ல் தமது ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான சூட்டுப் பெட்டியை வைத்தார். இன்று நமது சேலம் சர்க்கார் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் குழந்தைகள் படுத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மூலம் அதுவேயாகும். அந்த டாக்டர் கோழிப்பெட்டியைப் பார்த்துக் குழந்தையைப் பிழைக்க வைக்கக் கற்றுக்கொண்டார். நாமோ ஊரெல்லாம் கோழிப்பெட்டியை வைத்துக்கொண்டு, குழந்தைக்கு ஜாதகம் பார்க்கிறோம்.

இன்னொரு உதாரணமும் சொல்லுவோம். 1963-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்து வாரங்களுக்கு மேல் முன்னதாக ஒரு பிள்ளை பிறந்தது. எடை சுமார் 2,100 கிராம். உலகத்திலேயே பெரிய அதிகாரமும், பணமும், டாக்டர்களும் இருந்தும், நுரையீரல் பக்குவப்படாமல் இரண்டு நாளில் அந்தக் குழந்தை இறந்துபோயிற்று. கடவுள் அருள் அந்த வீட்டிற்குக் குறைவென்று யாரும் சொல்லவில்லை. குறைவாயிருந்தது மருந்து. 1972-ல் நியூசிலாந்து தேசத்து லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு டாக்டர்கள், குறைமாதத்தில் பிரசவமாகும் என்று தெரிந்த தாய்க்கு முன்கூட்டியே ஒரு ஸ்டிராய்டு ஊசியைப் போட்டால் வயிற்றிலுள்ள பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படும் என்று காட்டினார்கள். 1980-ல் ஜப்பான் தேசத்து ஃபுஜிவாரா என்ற டாக்டர், நுரையீரலில் இல்லாத அந்த வழுவழுப்பான பொருளையே மருந்தாகக் கொடுத்துக் குழந்தைகளைப் பிழைக்க வைத்தார். ஆகவே, 1963-ல் ஒரு ஜனாதிபதி தன் பிள்ளைக்குத் தேடியும் கிடைக்காத வைத்தியம், இன்று எடப்பாடியிலும் ராசிபுரத்திலும் உள்ள ஒரு கூலிக்காரன் பிள்ளைக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியின் மூலம் கிடைக்க வழியிருக்கின்றது. இது தலைவிதி மாறியதாலா, மனிதன் மூளையைச் செலவிட்டதாலா?

மார்போடு அணைப்பதே மருந்து

இதற்கெல்லாம் பெரும்பணம் வேண்டுமே என்று சொல்லலாம். எல்லாவற்றிற்கும் பணம் வேண்டியதில்லை. 1978-ல் கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரத்தில் சூட்டுப் பெட்டி போதாமல் திண்டாடிய ரே என்னும் டாக்டர், குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்திருப்பதுபோல் இருப்பதால் இதற்குக் கங்காரு முறை என்று பெயர். இந்தியா உள்பட ஐந்து தேசங்களில் 3,211 குழந்தைகளை வைத்துச் செய்து, 2021-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், 1 கிலோவுக்கும் 1,800 கிராமுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்தபோது, ஒரு மாதத்திற்குள் செத்தவை 100-க்கு 12. முதலில் பெட்டியில் வைத்து, உடல் தேறிய பின் தாயிடம் கொடுத்தபோது செத்தவை 100-க்குச் சுமார் 16. நாலில் ஒரு சாவு குறைந்தது. இதற்குத் தாயின் மார்பும் ஒரு துணியும் போதும். தாய்க்கு முடியாதபோது தகப்பன் வைத்துக் கொள்ளலாம், பாட்டி வைத்துக் கொள்ளலாம்.

ஆனால் இந்த இடத்தில்தான் தீட்டு குறுக்கே வருகின்றது. பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு, அவளைத் தொடக்கூடாது, புருஷன் எட்டி நிற்க வேண்டும், குழந்தையை இத்தனை நாள் வெளியே எடுக்கக் கூடாது என்கிறார்கள். தகப்பன் மார்பில் தூங்க வேண்டிய குழந்தை தீட்டின் பேரால் தனியாகக் கிடக்கின்றது. அன்றியும், குறைமாதக் குழந்தையின் கண்ணுக்குள் இரத்தக் குழாய்கள் சரியாக வளராமல் போனால் நிரந்தரக் குருடாகிவிடக் கூடும். பிறந்து 30 நாளுக்குள் கண் டாக்டரிடம் காட்டினால், வேண்டுமானால் லேசர் சிகிச்சை செய்து பார்வையைக் காப்பாற்றலாம். தீட்டுக் கழிந்து, நாள் பார்த்து, கோவிலுக்கு முதலில் எடுத்துப் போய், பிறகு டாக்டரிடம் காட்டலாம் என்று காத்திருந்தால், அந்தக் குழந்தை எந்தக் கண்ணால் அந்தச் சாமியைப் பார்க்கும்?

சேனை வைப்பதும் அப்படியே. குடும்பத்தில் கைராசிக்காரர் வந்து சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் வைத்தால்தான் அவர் குணம் குழந்தைக்கு வரும் என்கிறார்கள். கழுதைப் பால் கொடுத்தால் குரல் வளம் வரும் என்று தெருவில் கழுதையை ஓட்டி வந்து விற்கிறார்கள். சீம்பாலை ஆகாதென்று பீச்சிக் கொட்டுகிறவர்களும் உண்டு. நிறைமாதத்துப் பிள்ளை இந்த அக்கிரமங்களை ஒருவேளை தாங்கிக் கொள்ளக் கூடும். குறைமாதப் பிள்ளையின் குடல் தாங்காது. குறைமாதத்தில் பெற்றவளின் முதல் பாலில் புரதச் சத்து நிறைமாதத்துத் தாயின் பாலில் உள்ளதைவிட அதிகமாகவே இருக்கின்றது. உடம்பே அந்தப் பிள்ளைக்கென்று ஊட்டிக் கொடுக்கும் பாலைக் கொட்டிவிட்டுக் கழுதையைத் தேடுவதை என்னவென்று சொல்லுவது!

நிறைமாதத்தைக் குறைமாதமாக்கும் ஜோசியம்

இதுவரை சொன்னது, தானாகக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை மூடநம்பிக்கை எப்படிக் கைவிடுகின்றது என்பதைப் பற்றியாகும். இனி, நன்றாக நிறைந்து பிறக்க வேண்டிய பிள்ளையையே வேளைக்கு முன்னதாக வெளியே எடுக்கும் புதிய அநியாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றது. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கின்படி 100-க்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில். இது மெச்சத்தக்கதே. ஆனால் அதே கணக்கில், 100 பிரசவத்தில் சுமார் 45 ஆபரேஷன் மூலம் நடந்ததாகவும், தனியார் ஆஸ்பத்திரிகளில் 100-க்குச் சுமார் 64 அப்படி என்றும் காண்கின்றது. ஆபரேஷன் கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. அவசியமான சமயத்தில் அது தாயையும் பிள்ளையையும் காப்பாற்றுகின்றது. அந்தக் கத்தியை எடுக்கும் நாளைத் தீர்மானிப்பது யார் என்பதே நமது கேள்வி. எப்படியும் ஆபரேஷன் என்று ஆகிவிட்டால், உடனே பெண்ணைப் பெற்றவரும் சம்பந்தியும் ஜோசியன் வீட்டுக்குப் போகிறார்கள். பெண் பிள்ளையானால் மூலம் ஆகாது, மாமனாருக்குக் கேடு. ஆயில்யம் ஆகாது, மாமியாருக்குக் கேடு. கேட்டை ஆகாது, மூத்தானுக்குக் கேடு. சித்திரை மாதம் ஆகாது, குடும்பத்துக்கே கேடு. ஆகவே பங்குனிக்குள்ளேயே, இன்ன நாள், இன்ன லக்கினத்தில், இத்தனை மணி இத்தனை நிமிஷத்திற்குள் எடுத்துவிட வேண்டும் என்று சீட்டு எழுதிக்கொண்டு வந்து டாக்டரிடம் நீட்டுகிறார்கள். டாக்டர்களில் மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். மறுத்தால் அடுத்த தெரு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்களே என்று இணங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு வாரம் முன்னே பின்னே ஆனால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் 13,258 பெண்களின் பிரசவங்களை ஆராய்ந்து 2009-ல் ஒரு கணக்கு வெளிவந்தது. அவர்கள் முன்பே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இந்தத் தடவை அவசரம் ஏதுமின்றி நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். 39-ஆம் வாரத்தில் எடுத்த குழந்தைகளில் மூச்சுத் திணறல் முதலான துன்பத்திற்கு ஆளானவை 100-க்கு 8. 38-ஆம் வாரத்தில் எடுத்தவைகளில் 11. 37-ஆம் வாரத்தில் எடுத்தவைகளில் 15-க்கு மேல். அதாவது இரண்டு வாரம் முன்னால் எடுத்ததற்கு ஏறக்குறைய இரட்டிப்புத் துன்பம். இவைகள் குறைமாதம் என்று பெயர் பெறாத குழந்தைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னும் முன்னால் போனால் கேட்கவே வேண்டாம். நல்ல நட்சத்திரத்தில் பிறந்த குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்க, வெளியே ஜாதகம் மாத்திரம் ராஜயோகமாக இருந்து என்ன பிரயோசனம்?

மேலும் ஜோசிய சாஸ்திரத்தின் படியேதான் கேட்கின்றோம். பிறக்கும் நேரத்தைக் கிரகங்கள் நிர்ணயிப்பது உண்மையானால், அந்த நேரத்தை டாக்டர் கத்தியால் மாற்ற முடிவது எப்படி? டாக்டர் மாற்ற முடியுமானால், கிரகங்களுக்கு என்ன வேலை? 5,000 ரூபாய் கூடக் கொடுத்தால் மாற்றிக்கொள்ளக்கூடிய தலைவிதிக்குத் தலைவிதி என்று ஏன் பெயர்? இதற்குப் பதில் சொல்லும் ஜோசியர் யாராயிருந்தாலும் நமது பத்திரிகையில் தாராளமாக இடம் கொடுக்கச் சித்தமாயிருக்கின்றோம்.

உண்மைக் காரணங்கள்

குறைமாதத்திற்கு எல்லாச் சமயத்திலும் காரணம் தெரிந்துவிடுகின்றது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் தெரிந்த காரணங்கள் பல இருக்கின்றன. பெண்ணின் இளவயது, இரத்த சோகை, இரத்தக் கொதிப்பு, மூத்திரத் தாரையில் அழற்சி, இரட்டைப் பிள்ளை, ஒரு பிள்ளைக்கும் மறு பிள்ளைக்கும் போதிய இடைவெளியின்மை, முன்பு ஒரு தடவை குறைமாதமாகப் பெற்றிருத்தல், புகையிலை ஆகியவை அவைகளாகும். இவைகளில் எதற்காவது பரிகார பூஜையால் நிவாரணம் உண்டா? பலவற்றிற்கு இரும்புச் சத்து மாத்திரையும், சத்துள்ள சாப்பாடும், மாதா மாதம் பரிசோதனையும், புருஷனுடைய கட்டுப்பாடும் நிவாரணமாயிருக்கின்றன.

இளவயதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு 14 வயதாவது ஆக வேண்டும் என்று 1929-ல் சாரதா சட்டம் வந்தபோது, சாஸ்திரம் போச்சு, மதம் போச்சு என்று வைதிகர்கள் கூச்சலிட்டார்கள். சுயமரியாதைக்காரர்கள் அதை ஆதரித்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அம்மையார் பெண்களின் உடல்நிலையை எடுத்துக்காட்டி அதற்காகப் பாடுபட்டார். 1978-ல் 18 வயது என்று சட்டம் ஆயிற்று. அப்படியிருந்தும் 2019-21-ஆம் வருஷக் கணக்கில் தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 100-க்குச் சுமார் 13 பேர் 18 வயதுக்கு முன்பே கலியாணம் செய்து வைக்கப்பட்டவர்கள். ஊர்த் திருவிழாவில் வேறு ஜாதிப் பையனோடு பேசினாள் என்பதற்காகப் பத்தாம் வகுப்போடு நிறுத்தி மாமன் மகனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, பதினேழு வயதில் அவள் குறைமாதத்தில் பெற்றால் "கிரகம் சரியில்லை" என்பது யோக்கியமா? ஜாதி செய்த குற்றத்தைச் சனியின் தலையில் கட்டுகிறார்கள். சனிக்கு வாயில்லாததால் அது மறுப்பதுமில்லை.

பெண் பிள்ளையானால் இன்னும் மோசம். பெண் சிசுக்களைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதல் ஆரம்பிக்கப்பட்டது நமது சேலம் ஜில்லாவில்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது. எட்டாம் மாதம் என்ற சாக்கு, குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்குச் செலவு செய்ய மனமில்லாதவனுக்கு வெகு சௌகரியமான சாக்கு. கொன்றான் என்ற பழி இல்லை. விதி முடிந்தது என்ற ஆறுதலும் கிடைக்கின்றது.

செய்ய வேண்டியது

நமது ஜில்லாக்களில் இன்று வசதியே இல்லை என்று சொல்ல முடியாது. கூப்பிட்டால் 108 வண்டி 2008 முதல் வருகின்றது. நாமக்கல்லில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. பிரசவத்திற்குச் சர்க்கார் கொடுக்கும் உதவி, முன்சொன்ன முத்துலட்சுமி அம்மையாரின் பெயராலேயே வழங்கி வருகின்றது. ஆனால் தறிக் குடோனிலும், ஜவ்வரிசி ஆலையிலும், செங்கல் சூளையிலும் வேலை செய்யும் கர்ப்பஸ்திரீக்கு லீவும் கூலியும் யார் கொடுப்பது என்பதைச் சர்க்காரும் முதலாளிகளும் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு மாதம் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய தாய்க்கு, வீட்டிலுள்ள மூத்த பிள்ளையை யார் பார்ப்பது என்பதைப் புருஷன்மார்கள் சொல்ல வேண்டும்.

வாசகர்களுக்கு நாம் சொல்லுவது இவ்வளவுதான். மாதக் கணக்கை விட்டு வாரக் கணக்கை வையுங்கள். குறைமாதமென்று தெரிந்தால் ஏழா எட்டா என்று கேளாமல், எடை எவ்வளவு, மூச்சு எப்படி, பால் எப்படி என்று கேளுங்கள். பிள்ளையை மார்போடு அணையுங்கள், தகப்பனும் அணையுங்கள். முப்பது நாளுக்குள் கண்ணைக் காட்டுங்கள். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளை அடுத்த வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு மாதம் பிந்தித் தவழ்ந்தால் குறைசொல்லாதீர்கள். அதன் வயதைப் பிறக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள். அவசியமில்லாமல் 39 வாரத்திற்கு முன் ஆபரேஷனுக்கு நாள் கேட்காதீர்கள். டாக்டரே நாள் குறித்தால், "உடம்புக்காகவா, நட்சத்திரத்துக்காகவா?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

1944-ல் திராவிடர் கழகம் என்ற பெயர் சூட்டப்பட்ட மாநாடு கூடியது இந்தச் சேலத்தில்தான். அந்த ஊரிலேயே, எட்டு என்ற ஒரு எண்ணுக்குப் பயந்து ஒரு குழந்தையை வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றால், நமது வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம். திருச்செங்கோட்டுப் பக்கத்து அந்தப் பெண் ஒரு புத்தகமும் படித்தவள் அல்ல, ஒரு மாநாட்டுக்கும் வந்தவள் அல்ல. ஊரும் உறவும் சாகும் என்று சொன்ன பிள்ளையை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்தாள். அந்தப் பிடிவாதத்திற்குத்தான் நாம் பகுத்தறிவு என்று பெயர் சொல்லுகின்றோம்.